காத்திருப்பது யார்? சோதனை வரிசையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

குரங்கணியிலிருந்து மேலே ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். கீழே கொட்டகுடிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷன். ரயிலே இல்லாத மலையில் இத்தனை ஸ்டேஷன் ஏது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அதை எடுத்துவிட்டுச் சிறு ரயில் போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே என்கிற கம்பிவழியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டி கட்டிப் போடிக்குப் போகும். 1924 வெள்ளத்தில் (கொல்லம் ஆண்டு 1099, அதனால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்') ரயில் போய்விட்டது. பெயர்கள் தங்கிவிட்டன.

மேலே ரயில் எத்தனை வேகமாக வந்தாலும் கம்பி தாங்குகிற அளவுதான் கீழே இறங்கும். மற்றவை வரிசையில் கிடக்கும். மென்பொருள் எழுதுகிறவர்கள் தானியங்கிச் சோதனைக்காகக் காத்துக்கிடப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு இந்தக் கம்பிதான் முதலில் ஞாபகம் வந்தது.

2

பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவரின் வேலையைக் கெடுத்துவிடலாம். எனவே ஒவ்வொரு மாற்றத்தையும் இயந்திரம் முழுச் சோதனைக்கு உட்படுத்துகிறது. தேறினால்தான் பொதுப் பிரதியில் சேரும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது 1963இல். சென்னை ஐஐடிக்கு 370/155 வந்தது 1973இல். துளையிட்ட அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாள் வரும்வரை காத்திருந்த காலம் அது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். இயந்திர நேரம் விலை உயர்ந்தது, மனித நேரம் மலிவானது என்ற கணக்கு அதில் இருந்தது. பிறகு மேசைக் கணிப்பொறிகள் வந்து அந்தக் கணக்கைத் தலைகீழாக்கின என்று சொல்லப்படுகிறது. பாதிதான் உண்மை. கூட்டு உழைப்பு பெருகியபோது வரிசை வேறு வடிவில் திரும்பி வந்தது.

1998இல் மோசில்லா தன் மூலநிரலைத் திறந்துவிட்டபோது டிண்டர்பாக்ஸ் என்ற பக்கம் நிரலின் நலத்தை நிறங்களால் காட்டியது. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் 'மரம் எரிகிறது'. (2018 மார்ச் 11க்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர் எவரும் அந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.) கென்ட் பெக் 2004இல் ஒரு வரம்பு சொன்னார்: கட்டுவதும் சோதிப்பதும் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், மிஞ்சினால் ஆட்கள் சோதனையைத் தள்ளிப்போடத் தொடங்குவார்கள். ரஸ்ட் மொழித் திட்டத்தில் 2013 முதல் போர்ஸ் என்ற நிரல் வாயிற்காவல் பார்த்தது. முழுச் சோதனையும் தேறாத எதையும் அது உள்ளே விடாது. அங்கும் வரிசை நீண்டது. சிறு மாற்றங்களை ஒரே கட்டாகக் கட்டிச் சோதிக்கும் வழக்கம் அதனால் வந்தது.

கணக்கு எளியது. ஒரு நாளைக்கு 40 மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் என்றால் 30 மணி நேரம் வேண்டும். நாளுக்கு 24 மணிதான், எனவே வரிசை தீரவே தீராது. நான்கு நான்காகக் கட்டினால் 10 ஓட்டம், ஏழரை மணி. ஒரு கட்டு தோற்றால் இரண்டிரண்டாகப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க அதிகபட்சம் இன்னும் 6 ஓட்டம், நாலரை மணி. அப்போதும் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிகிறது.

3

இனி என் கதை. நான் பங்கெடுக்கும் ஒரு பொதுத் திட்டத்தில் சோதனைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. நேரத்தைக் குறைக்க ஒரு யோசனை வந்தது: தமிழ் முதலான இந்திய எழுத்துமுறைகளுக்கான சோதனைகளை எடுத்துவிட்டு, இரவில் ஒரே ஒரு தடவை ஓட்டுவோம்.

'கொ' நமக்கு ஒரே எழுத்து. யூனிகோடில் அது 'க' வும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடு. கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதினால் மூன்று. இரண்டும் ஒன்றென்று இயந்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரோ எங்கோ ஒரு வரியை மாற்றினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போகும். அது மறுநாள் காலையில்தான் தெரியும் என்றால், கெடுத்தவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். சரிசெய்வது தமிழ் தெரிந்த இரண்டு மூன்று பேர் தலையில் விழும். மையம் காத்திருக்காமலிருக்க விளிம்பு காத்திருக்க வேண்டும் என்று சீறி நீண்ட கடிதம் எழுதினேன்.

ஒருவர் திருப்பிக் கேட்டார்: "அந்தச் சோதனை ஏன் இவ்வளவு நேரம் எடுக்குதுன்னு யாராவது பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பிறகு பார்த்தோம். நாங்கள் எழுதிய ஒவ்வொரு சோதனையும் சொற்பட்டியல் முழுவதையும் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு தடவை ஏற்றினால் போதும். இன்னொரு சோதனை வெளி வலைத்தொடர்பை நம்பி, நினைத்தால் தேறும், நினைத்தால் தோற்கும். (இப்படி நிலையற்ற சோதனைகள் தன்னிடம் ஏறக்குறைய 16 விழுக்காடு என்று கூகுளே 2016இல் எழுதியிருக்கிறது.) அதைத் தனியே ஒதுக்கினோம். மிச்சத்தைக் கோப்பு எண்ணிக்கைப்படி பிரிக்காமல், எடுக்கும் நேரப்படி சம பங்காகப் பிரித்துப் பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓட்டினோம். சட்டென முடிவதை முன்னால் வைத்தோம். புதுத் திருத்தம் வந்ததும் பழையதன் ஓட்டத்தை நிறுத்தினோம். தமிழ் வாசலிலேயே நின்றது; நேரமும் கால் மணிக்குள் வந்தது. விளிம்பு என்ற சொல் நம் சோம்பலுக்கும் போர்வையாகலாம் என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

4

ஆனால் என் சீற்றம் முழுக்கத் தவறல்ல. வேகம் என்பது நடுநிலையான சொல் இல்லை. ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் கடிகாரம் எப்படி முதலாளியின் கையில் ஒழுங்குபடுத்தும் கருவியானது என்று காட்டினார். காத்திருப்புக்கும் அப்படி ஓர் அரசியல் இருக்கிறது. போடியில் அம்மா ஏலக்காட்டு வேலைக்குப் போன நாட்களில் விடியுமுன் ஜீப்புக்கு நிற்பாள். "ஜீப்பு வர்ற வரைக்கும் நிக்கிறதுக்கு எவன்டா கூலி குடுப்பான்?" என்பாள். சம்பளக்காரர் சோதனை முடியும்வரை காத்திருந்தால் அதுவும் சம்பளத்தில் சேரும். இரவு பத்து மணிக்கு மேல், சிக்னல் வந்து வந்து போகிற குரங்கணியில், ஓசியில் உழைக்கிறவருக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் அன்றைக்கு மிச்சமிருந்த நேரம். இரண்டு தடவை அப்படிப் போனால் மூன்றாம் தடவை அவர் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

கம்பி யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. டிராவிஸ் சிஐ நிறுவனம் பல ஆண்டுகள் பொதுத் திட்டங்களுக்கு இலவசமாக இயந்திர நேரம் கொடுத்தது. 2020 நவம்பரில் அதற்கு வரம்பு வைத்தது. 2021 ஜூனில் அந்தப் பழைய தளமே மூடப்பட்டது. திட்டங்கள் வேறொரு நிறுவனத்தின் இலவசத்துக்கு இடம்பெயர்ந்தன. நிரல் பொதுவுடைமை, அதைச் சோதிக்கும் இயந்திரம் தனியுடைமை. இந்த முரணை நம் பொதுமென்பொருள் பேச்சு அதிகம் தொட்டதில்லை.

நேரத்தைக் குறைப்பதை எதிர்க்க வேண்டியதில்லை, குறைக்கத்தான் வேண்டும். எதை வெட்டிக் குறைக்கிறார்கள், வெட்டும்போது அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வோம். கேட்பதற்கு முன்னால் நம் சோதனையை நாமே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.