பால்மரம் முதல் மறைமலை நகர் வரை: ஃபோர்டின் வரலாற்றில் நாம் எங்கே?

“அக்கா, ஃபோர்டு கம்பெனி திரும்ப வருதாம்ல. நம்ம பயலுகள எடுப்பாய்ங்களா?”

பரமக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் நடக்கும் மாலை வகுப்பில், ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டது இது. 2025 அக்டோபர் 31 அன்று ஃபோர்டு நிறுவனம் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்ட செய்தி வந்திருந்த நேரம். மறைமலை நகரில் மூடிக் கிடக்கும் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின், 600-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை, 2029-ல் உற்பத்தி தொடக்கம் என்றது செய்தி.

“நம்ம பயலுக” என்று அவன் சொன்னது தமிழ்நாட்டுப் பிள்ளைகளையோ ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளையோ அல்ல. யாரைச் சொன்னான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த வாரம் அந்த கம்பெனியின் வரலாற்றையே பாடமாக எடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹென்றி ஃபோர்டு 1903-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் ‘மாடல் டி’ கார் வந்தது. அதுவரை பணக்காரர்களின் பொம்மையாக இருந்த காரை விவசாயியும் ஆசிரியரும் வாங்கும் பொருளாக்கியது அந்த வண்டிதான். தொடக்கத்தில் 850 டாலர் விற்றது, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-ல் நிறுத்தப்படும்வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாயின.

விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம் 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் வந்த நகரும் வரிசை. தொழிலாளி வண்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை, வண்டி அவனைத் தேடி வரும். ஒருவன் போல்ட்டைப் பொருத்துவான், அடுத்தவன் அதை முறுக்குவான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் மனிதனால் அந்த வேலையைத் தாங்க முடியவில்லை. அந்த ஆண்டில் மட்டும் சுமார் 14,000 இடங்களை நிரப்பி வைக்க 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. சேர்ந்தவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

அதனால்தான் 1914 ஜனவரி 5 அன்று ஒரு நாள் கூலி 5 டாலர் என்று ஃபோர்டு அறிவித்தார். அன்றைய கூலியைப் போல இரண்டு மடங்கு. முதலாளியின் தாராள மனசுக்கு எடுத்துக்காட்டாக இதை நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி கூலி அல்ல, ‘லாபப் பங்கு’. அது கிடைக்க வேண்டுமானால் கம்பெனியின் ‘சமூகவியல் துறை’ ஆள் வீட்டுக்கு வந்து சோதிப்பார். வீடு சுத்தமா, குடிப்பழக்கம் உண்டா, சேமிப்பு எவ்வளவு, வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார். சமூகவியலில் முதுகலை படித்தவள் நான். என் பாடத்தின் பெயரில் ஒரு முதலாளி தொழிலாளியின் அடுப்படி வரை வேவு பார்த்தார் என்று படித்த நாளை மறக்கவில்லை. நம் சேரிகளுக்குள் வந்து நம் சுத்தத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மார்க் போட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1913 ஜூலையில்தான் 22 வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் போய் இறங்கினார். ஃபோர்டின் புகழ் அமெரிக்கா முழுக்கப் பரவிய ஆண்டுகளில் அவர் அந்த மண்ணில் மாணவர்.

அதே நேரம் நம் கடற்கரையில் என்ன நடந்தது? 5 டாலர் அறிவிப்பு வந்து ஐம்பதே நாளில், 1914 பிப்ரவரி 24 அன்று, பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இன்று ராமேஸ்வரம் போகிறவர்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தப் பாலத்தில் போன கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி, கங்காணியிடம் கடன்பட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள். மண்டபம் முகாமில் அவர்களை அடைத்து, தடுப்பூசி போட்டு, நாள்கணக்கில் தனிமைப்படுத்தி அனுப்பினார்கள். பிற்காலத்தில் ஈழத்து அகதிகளைத் தங்கவைத்ததும் அதே மண்டபத்தில்தான். போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்கள். நாகப்பட்டினம் வழியாக மலாயா போன கதையும் இதேதான்.

இதற்கும் ஃபோர்டு காருக்கும் என்ன சம்பந்தம்? டயர்தான் சம்பந்தம். காரின் இரும்பும் கண்ணாடியும் அமெரிக்காவில் கிடைத்தன, ரப்பர் கிடைக்கவில்லை. 1920-களில் உலக ரப்பரின் பெரும்பங்கு மலாயா, இலங்கை, கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய ஆசியத் தோட்டங்களிலிருந்து போனது. அதை அதிகம் வாங்கிய நாடு அமெரிக்கா. மலாயாவில் விடியும் முன்னே எழுந்து பால்மரம் வெட்டிய கைகளில் கணிசமானவை நம் ஆட்களின் கைகள். 1922-ல் பிரிட்டிஷ் அரசு விலையை ஏற்ற ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் அமெரிக்க முதலாளிகள் பதறினார்கள். 1928-ல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலின் அமேசான் காட்டில் சொந்தத் தோட்டமே போட்டார். பெயர் ‘ஃபோர்ட்லாண்டியா’. அங்கும் தொழிலாளி என்ன சாப்பிட வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்று கம்பெனி சட்டம் போட்டது. 1930-ல் சாப்பாட்டுக்கூடத்தில் வெடித்த கலவரத்தில் தொழிலாளர்கள் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். மரங்களையும் நோய் தின்றது. 1945-ல் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

ஆக, கார் என்ற நவீனத்தின் வரலாற்றில் நாம் புதிதாக நுழைகிறவர்கள் அல்ல. நூறு வருடத்துக்கு முன்னாலேயே அதன் அடியில், சக்கரத்துக்குக் கீழே இருந்திருக்கிறோம். 5 டாலர் கூலி மட்டும் நம் பக்கம் வரவில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். “இயந்திரம் சாதி பார்க்குமா?” என்று நம்மிடமே சிலர் கேட்பதுண்டு. டெட்ராய்ட்டைப் பாருங்கள். மற்ற பல கார் கம்பெனிகள் கறுப்பினத் தொழிலாளர்களை எடுக்கத் தயங்கிய காலத்தில் ஃபோர்டு அவர்களை எடுத்தது. 1920-களின் நடுவில் சுமார் 10,000 பேர். ஆனால் அவர்களில் மிகப் பலரை ரிவர் ரூஜ் ஆலையின் வார்ப்படக் கூடத்தில் நிறுத்தினார்கள். உருகிய இரும்பு, புகை, சூடு. மற்றவர்கள் தொட விரும்பாத வேலை. வேலைக்குச் சேரவும் பாதிரியாரின் சிபாரிசுக் கடிதம் உதவியது. அதனால் தேவாலயமும் கம்பெனியை எதிர்த்துப் பேசத் தயங்கியது. அதே ஹென்றி ஃபோர்டு சொந்தப் பத்திரிகை வைத்து யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்பியவர் என்பதையும் மறக்கக் கூடாது.

பம்பாய் நூற்பாலைகளிலும் இதே கதைதான். தறிப் பிரிவில் கூலி அதிகம். நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும் என்பதால், தீண்டத்தகாதவர்களை அந்தப் பிரிவுக்குள்ளேயே விடவில்லை. தடுத்தவர்கள் முதலாளிகள் மட்டும் இல்லை, சாதி இந்துத் தொழிலாளர்களும்தான். 1920-களின் இறுதியில் நடந்த ஆலைப் போராட்டங்களின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சனையைத்தான் தொழிற்சங்கத்தின் முன் வைத்தார். 1938-ல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்களிடம் பேசியபோது, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்றார். ரயில்வேயில் தலித் ‘கேங்மேன்’ ஆகத்தான் முடியும், போர்ட்டர்கூட ஆக முடியாது என்று உதாரணத்தோடு சொன்னார். போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது, அந்த வீட்டுக்குள் இவர் நுழையக் கூடாது என்பதுதான் காரணம்.

இயந்திரம் சாதி பார்க்காதுதான். இயந்திரத்தின் முன்னால் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவன் பார்ப்பான்.

இது எங்கே உடைந்தது? 1941-ல். அந்த ஆண்டு ஏப்ரலில் ரிவர் ரூஜ் ஆலையில் பெரும் வேலைநிறுத்தம். கறுப்பினத் தொழிலாளர்களை வைத்தே போராட்டத்தை உடைக்கக் கம்பெனி முயன்றது. தொழிற்சங்கமும் கறுப்பினத் தலைவர்களும் கைகோத்த பிறகுதான் அந்தத் திட்டம் தோற்றது. ஜூனில் ஃபோர்டு முதல் முறையாகச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதே ஜூனில், 25-ஆம் தேதி, அதிபர் ரூஸ்வெல்ட் 8802 என்ற எண் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். அரசின் பாதுகாப்பு ஒப்பந்தங்களைப் பெறும் தொழில்கள் இனம், நிறம், சமயம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்றது அது. அதுவும் தானாக வரவில்லை. ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர், வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று எச்சரித்ததால் வந்தது.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1943-ல் அதே டெட்ராய்ட்டில் பேக்கார்டு ஆலையில் மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு தந்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆனாலும் ஒரு கொள்கை எழுத்தில் வந்துவிட்டது. அரசுப் பணம் போகும் இடத்துக்குச் சமத்துவ நிபந்தனையும் கூடவே போக வேண்டும். அதன் பிறகு நடந்த சண்டைகளுக்கெல்லாம் அந்த எழுத்து ஒரு பிடியாக இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். ஃபோர்டு இந்தியாவுக்கு வருவது இது முதல் முறை அல்ல. 1926-லேயே வந்து வண்டிகளை இங்கே பொருத்தி விற்றது. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பொருத்துவது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு சொன்னதும் 1950-களின் முற்பகுதியில் கிளம்பிவிட்டது. தாராளமயத்துக்குப் பிறகு 1995-ல் மஹிந்திராவோடு கூட்டு சேர்ந்து திரும்ப வந்தது. எஸ்கார்ட், ஐகான், ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட் என்று மறைமலை நகரிலிருந்து வண்டிகள் வந்தன. ஈக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது.

2021 செப்டம்பர் 9 அன்று, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு அது. சுமார் 4,000 பேரின் வேலை போகும் என்றார்கள். 2022-ல் மறைமலை நகர் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், பேச்சுவார்த்தையில் தொகை உயர்ந்தது. சங்கம் இருந்ததால் அது நடந்தது. ஆனால் உதிரிபாகம் செய்த சிறு கம்பெனிகளிலும் கேன்டீனிலும் துப்புரவிலும் வண்டி ஓட்டியும் பிழைத்தவர்கள் அந்த மேசைக்கு முன்னால் உட்காரவே இல்லை.

நம் பிள்ளைகள் அதிகம் இருப்பது அங்கேதான். ராமநாதபுரத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன தம்பி தங்கைகளிடம் கேட்டுப் பாருங்கள். கான்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்பார்கள். அறை வாடகைக்குக் கேட்டால் “எந்த ஊரு, என்ன ஆளுக” என்ற கேள்வி முதலில் வருகிறது என்பார்கள். இட ஒதுக்கீடு அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் கம்பெனிகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பல பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும். தலித் பெயர் இருந்தால் அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்று 2007-ல் வெளியிட்டார்கள்.

அமெரிக்கா 1941-ல் கேட்ட கேள்வியை நாம் இன்று கேட்க வேண்டும். பெரும் முதலீடுகளுக்கு அரசு நிலமும் மின்சாரமும் சலுகைகளும் தருகிறது. அது பொதுமக்கள் பணம், நம் பணமும்தான். அதை வாங்குகிற எந்த கம்பெனியும், நிரந்தரம், ட்ரெய்னி, கான்ட்ராக்ட் என ஒவ்வொரு படியிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பதில் என்ன சிரமம்? வார்ப்படக் கூடத்தில் யார் நிற்கிறார்கள் என்பது எண்ணிக்கை வெளியே வந்தால்தான் தெரியும்.

2029-க்கு இன்னும் காலம் இருக்கிறது. மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. உங்கள் அரசு ஐடிஐயில் கடந்த ஐந்து ஆண்டுகளில் வளாக நேர்காணலுக்கு எந்தெந்த கம்பெனிகள் வந்தன, யார் யாரை எந்தப் பணிக்கு எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் மனு அது. வந்த பதிலை ஊரில் வாசியுங்கள். வேலைக்குப் போனதும் சங்கத்தில் சேருங்கள். சேர்ந்த சங்கத்துக்குள் சாதி இருந்தால், அம்பேத்கர் செய்தது போல் அங்கேயே எழுந்து கேளுங்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “எடுப்பாய்ங்களானு கேக்காத தம்பி. எத்தனை பேரை, எந்த இடத்துல, என்ன கணக்குலனு கேளு.”

சரி என்று தலையாட்டிவிட்டு, “மனு எப்படிக்கா எழுதணும்?” என்றான். அடுத்த வார வகுப்பு அதுதான்.

ஜெய்பீம்.