வாடாத பூவின் நிலையாமை: இலண்டன் டவர் கோட்டை அகழியில் 2014

நிலையாமையைப் பொருளாகக் கொண்ட தோட்ட நிறுவுகலைப் படைப்புகள் பெரும்பாலும் பருவத்தோடு முடிந்துவிடுகின்றன. விதைத்தது பூக்கும், பூத்தது வாடும், முடிவை எவரும் ஆணையிட வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு இலண்டன் டவர் கோட்டையின் அகழியில் நடப்பட்ட 8,88,246 செந்நிறப் பாப்பி மலர்கள் இதற்கு விலக்கானவை. அவை சுட்ட களிமண்ணால் ஆனவை. வாடாத பூ நிலையாமையைச் சுட்ட வேண்டுமெனில் அது அகற்றப்படும் நாளை மனிதர்களே குறித்தாக வேண்டும். அந்த நாளைப் பற்றி எழுந்த பூசலே இப்படைப்பின் வரலாற்றில் ஆய்வுக்குரிய பகுதி என இக்கட்டுரை கருதுகிறது.

களம் தற்செயலானதன்று. 1840களில் நீர் வடிக்கப்பட்ட இவ்வகழியில்தான் 1914 ஆகஸ்டு இறுதியில், இலண்டன் வணிக அலுவலகங்களிலிருந்து திரண்டு 'பங்குத் தரகர் படைப்பிரிவு' எனப் பெயர்பெற்ற புதிய வீரர்கள் உறுதிமொழி ஏற்றனர். இரண்டாம் உலகப் போரின்போது இதே நிலத்தில் காய்கறி விளைந்தது.

டெர்பியைச் சேர்ந்த மட்கலைஞர் பால் கம்மின்ஸ் மலர்களை உருவாக்கினார். நாடக அரங்க வடிவமைப்பாளர் டாம் பைப்பர் அவற்றின் பரவலை அமைத்தார். ஒவ்வொரு மலரும் கையால் செய்யப்பட்டு எஃகுத் தண்டில் பொருத்தப்பட்டது. ஜூலையில் நடவு தொடங்கியது. தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நட்டனர். போர்நிறுத்த நாளான நவம்பர் 11 அன்று இறுதி மலரைப் பதின்மூன்று வயது மாணவப் படையினர் ஒருவர் நட்டார். ஆகவே படைப்பு நிறைவடைந்த நாளும் அதன் கலைப்பு தொடங்கவிருந்த நாளும் ஏறத்தாழ ஒன்றே. மலர் ஒவ்வொன்றும் 25 பவுண்டுக்கு முன்னதாகவே விற்கப்பட்டிருந்தது. வருவாயில் ஒரு பகுதி ஆறு அறநிறுவனங்களுக்கு உரியது. அகழியில் ஒருங்கே நின்றவை தனித்தனி வீடுகளுக்குப் பிரிந்து செல்லவேண்டும் என்பது தொடக்கத் திட்டத்திலேயே அடங்கியிருந்தது. இறந்தோர் தத்தம் இல்லங்களுக்குத் திரும்புவதாகவும் இதை வாசிக்கலாம், அவ்வாசிப்பு என்னுடையது.

பார்வையாளர் கூட்டம் ஐம்பது இலட்சம் என மதிப்பிடப்பட்டது. கூட்டம் பெருகப் பெருக, மலர்களை இன்னும் சில காலம் விட்டுவைக்கவேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது. அன்றைய இலண்டன் மேயர் போரிஸ் ஜான்சனும் அதை எழுப்பினார். தற்காலிகத் தன்மையே படைப்பின் உயிர் என்பது கலைஞர் தரப்பின் விடை. நவம்பரில் ஓர் உடன்பாடு வந்தது. 'அலை', 'அழும் சாளரம்' என்ற இரு பகுதிகள் மட்டும் மாத இறுதிவரை நிற்கும். பின்னர் நாட்டின் பல ஊர்களுக்குச் சென்று, இறுதியில் ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகத்தைச் சேரும். இதனை வெறும் கால நீட்டிப்பாகக் கொள்வது பிழை. கலைந்தாகவேண்டிய ஒன்று இங்கே சேகரிப்புப் பொருளாகிவிட்டது.

கார்டியன் நாளிதழின் கலை விமரிசகர் ஜோனதன் ஜோன்ஸ் வேறொரு குறையைச் சொன்னார்: போரின் கொடுமையை அழகு மறைக்கிறது, துயரம் தன் நாட்டாரோடு நின்றுவிடுகிறது. முதற்குறை விவாதத்துக்குரியது. இரண்டாவதை எண்ணே உறுதிசெய்கிறது. 8,88,246 என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையக் கணக்கில் பிரிட்டனுக்கும் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் உரிய தொகை. கனடா, ஆஸ்திரேலியா போன்றவற்றோடு பிரிக்கப்படாத இந்தியாவும் அக்கணக்கில் தனிநிரலாக நிற்கிறது. ஏறத்தாழ 74,000 இந்தியர்களுக்கு அகழியில் மலர் இல்லை. 'பிரிட்டிஷ், காலனிய வீரர்கள்' என்ற அறிவிப்புச் சொற்களைப் படித்த இந்தியப் பார்வையாளர் தம்மவரும் அதில் அடங்குவர் எனக் கருதியிருக்கக்கூடும். ஒரு மலருக்கு ஓர் உயிர் என்ற துல்லியம்தான் இவ்விடுபடலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது.

2015 முதல் 2018 வரை இரு பகுதிகளும் சுற்றுப்பயணம் மேற்கொண்டன. 2022இல் அரசியின் எழுபதாம் ஆட்சியாண்டை முன்னிட்டு இதே அகழியில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட விதைகள் தூவப்பட்டன. அவை கோடையில் பூத்துப் பருவத்தோடு முடிந்தன. 2025இல், இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிவுற்றதன் எண்பதாம் ஆண்டில், ஏறத்தாழ 30,000 மண் பாப்பிகள் அருங்காட்சியகத்திடமிருந்து இரவலாகப் பெறப்பட்டுக் கோட்டைக்குள் மீண்டும் நிறுத்தப்பட்டன. அவற்றுக்கும் நவம்பர் 11 என நாள் குறிக்கப்பட்டிருந்தது.