பிப்ரவரி ஒன்பதாம் நாள்



ஒரு நகரத்தின் வரலாற்றைப் பல வழிகளில் எழுதலாம். ஆண்டோர் வரிசையைக் கொண்டு எழுதலாம். கட்டடங்களைக் கொண்டு எழுதலாம். வணிகத்தைக் கொண்டும் எழுதலாம். இன்று நான் வேறொரு வழியைக் காட்ட விரும்புகின்றேன். ஆண்டின் நாள்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்நாள் ஓர் ஊரில் ஆண்டுதோறும் எத்தகைய வானிலையோடு வந்து சென்றது என்று பார்ப்போம். ஊர், அமெரிக்காவின் நியூயார்க் நகரம். நாள், பிப்ரவரி 9. அங்கே அது கடுங்குளிர்ப் பருவம்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு முதல் தேவை இடையறாத குறிப்பு. நேற்று ஓரிடத்திலும் இன்று வேறோரிடத்திலும் அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. நியூயார்க் நகரின் நடுவே சென்ட்ரல் பார்க் என்னும் பெரும்பூங்கா உள்ளது. அங்கே 1868இல் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. டேனியல் டிரேப்பர் என்பவர் 1911 வரை அதன் தலைவராக இருந்து பணியாற்றினார். 1869 முதல் அப்பூங்காவின் குறிப்புகள் தொடர்ந்து கிடைக்கின்றன. கருவிகள் பிற்காலத்தில் அப்பூங்காவிலேயே உள்ள பெல்வெடியர் கோட்டைக்கு மாறின. ஆனால் பூங்காவை விட்டு நீங்கவில்லை.

ஒரு வியப்பான பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நாடு முழுவதற்குமான வானிலைப் பணியைத் தொடங்குவதற்குரிய தீர்மானத்தில் குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் கையொப்பமிட்டது 1870ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்றுதான். அதன்படி பல ஊர்களின் அளவுகள் தந்தி வழியே ஓரிடத்திற்கு வந்து சேர்ந்தன. புயல் ஓர் ஊரை அடையுமுன் அதன் செய்தி அவ்வூரை அடையத் தொடங்கியது. வானிலை முன்னறிவிப்பு ஒரு பொதுப்பணியாக வளர்ந்தது இவ்வாறே.

இனி, நாம் எடுத்துக்கொண்ட நாளின் முதற் பெருநிகழ்ச்சியைக் காண்போம். 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. அன்று சென்ட்ரல் பார்க் வெப்பமானி பாரன்ஹீட் அளவில் சுழிக்குக் கீழே 15 பாகை காட்டிற்று. செல்சியஸ் அளவில் இது சுழிக்குக் கீழே ஏறத்தாழ 26 பாகையாகும். அதற்கு முன்னர் 1917 டிசம்பர் 30 அன்று குறிக்கப்பட்ட சுழிக்குக் கீழ் 13 பாகையே தாழ்ந்த அளவாக இருந்தது. 1934இன் அளவு அதனைக் கடந்தது. அந்நகரில் இதைவிடத் தாழ்ந்த அளவு இன்றுவரை பதிவாகவில்லை.

குளிர் அந்நகரோடு நிற்கவில்லை. அதே நாளில் பாஸ்டன் நகரில் சுழிக்குக் கீழ் 18 பாகையும், பிலடெல்பியாவில் சுழிக்குக் கீழ் 11 பாகையும் பதிவாயின. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஸ்டில்வாட்டர் நீர்த்தேக்கத்தில் சுழிக்குக் கீழ் 52 பாகை வரை இறங்கிற்று. இங்கே இயற்பியல் பயிலும் மாணவர்கள் ஒரு வினா எழுப்பலாம். பாதரசம் பாரன்ஹீட் அளவில் சுழிக்குக் கீழ் 38 பாகையை ஒட்டி உறைந்துவிடுமே, 52 பாகையை அளந்தது எங்ஙனம்? விடை எளிது. தாழ்ந்த அளவைக் குறிக்கும் வெப்பமானியில் பாதரசத்திற்குப் பதிலாகச் சாராயம் நிரப்பப்படும். அதனுள் ஒரு சிறு சுட்டி கிடக்கும். சாராயம் சுருங்கும்போது அதன் மேற்பரப்பு சுட்டியைப் பின்னுக்கு இழுத்துச் செல்லும். மீண்டும் விரியும்போது சுட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலேறும். காலையில் வந்து பார்ப்பவர், இரவில் குளிர் எந்த எல்லை வரை சென்றது என்பதை அச்சுட்டியால் அறிவார்.

வட துருவப் பகுதியில் நீண்ட இரவுகளில் குளிர்ந்து கனத்த காற்று தெற்கு நோக்கி இறங்கும்போது இத்தகைய நாள்கள் நேர்கின்றன. வானம் தெளிந்திருந்தால் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேறும். தரையில் வெண்பனி படிந்திருந்தால் குளிர் மேலும் மிகும்.

அந்த ஆண்டு அமெரிக்க மக்களுக்குப் பொருளாதார மந்தத்தின் ஆண்டுமாகும். 1933இல் அந்நாட்டின் உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வருவாய் இல்லாதவன் நிலக்கரி வாங்குவது எவ்வாறு? வெப்பமானி எல்லார்க்கும் ஒரே எண்ணைக் காட்டிற்று. குளிரோ எல்லாரையும் ஒரே அளவில் வருத்தவில்லை.

இரண்டாம் நிகழ்ச்சி 1969ஆம் ஆண்டுக்குரியது. அன்று பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கி மறுநாள் வரை நகரில் ஏறத்தாழ 15 அங்குல உயரத்திற்கு வெண்பனி பொழிந்தது. இத்துணைப் பொழிவை முன்னறிவிப்பு எதிர்பார்க்கவில்லை. நகராட்சியின் பனி அகற்றும் பொறிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பழுதுற்றுக் கிடந்தன. மன்ஹாட்டன் பகுதியின் தெருக்கள் விரைவில் சீராயின. ஆனால் குவீன்ஸ் பகுதியின் பல தெருக்கள் நாள் கணக்கில் பனியில் புதைந்து கிடந்தன. கென்னடி விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான பயணிகள் அகப்பட்டுக்கொண்டனர். நகரில் 42 பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் பாதிப்பேர் குவீன்ஸ் பகுதியினர்.

ஐக்கிய நாடுகள் அவையின் உயர் அலுவலரும், 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான ரால்ப் பஞ்ச் அப்பகுதியில் வாழ்ந்து வந்தார். தம் தெருவைக் கவனிப்பார் இல்லை என்று மேயர் ஜான் லிண்ட்சேக்கு அவர் தந்தி அனுப்பினார். மேயர் குவீன்ஸ் பகுதிக்கு நேரில் சென்றபோது அவருடைய காரும் பனியில் முன்னேற இயலவில்லை. மக்கள் அவரைச் சினந்து வரவேற்றனர். அவ்வாண்டு ஜூன் மாதம் தம் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே அவர் தோல்வியுற்றார். பின்னர்த் தேர்தல் விளம்பரத்தில் பனியைத் தவறாக மதிப்பிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நவம்பரில் வேறொரு கட்சியின் சார்பில் நின்று வென்றார். இன்றும் அப்பனிப்பொழிவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

மூன்றாவது, 2017ஆம் ஆண்டு. பிப்ரவரி 8 அன்று சென்ட்ரல் பார்க்கில் 62 பாகை வெப்பம். இளவேனிலோ என்று ஐயுறத்தக்க நாள். மறுநாள் 9ஆம் தேதி அதே பூங்காவில் 9.4 அங்குல வெண்பனி. ஆயினும் முன்னறிவிப்பு உரிய நேரத்தில் வந்தது. முன்னாள் மாலையிலேயே பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. முந்தின நாள் மேலங்கியின்றி உலவியவர்களும் மறுநாளுக்கு ஆயத்தமாக இருந்தனர்.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பிப்ரவரி 9 என்னும் நாளுக்குத் தனித்த தீமை ஏதேனும் உண்டோ? இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குறித்து வந்தால் எந்த நாளிலும் இத்தகைய செய்திகள் சில சேரும். கணக்கறிந்த மாணவர்களுக்கு இதனை வேறு வகையாகவும் சொல்லலாம். காலநிலை மாறாதிருக்குமானால், குறிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் புதிய தாழ்வெல்லை ஏற்பட இரண்டில் ஒரு வாய்ப்பு. பத்தாம் ஆண்டில் பத்தில் ஒன்று. நூறாம் ஆண்டில் நூறில் ஒன்று. நாள் செல்லச் செல்லப் புதிய எல்லைகள் அரியவாகும். வெப்பத்தின் உயர்வெல்லைக்கும் இதே விதி பொருந்தும். ஆகவே ஒரு நாட்டில் ஓராண்டில் புதிய வெப்ப எல்லைகளும் புதிய குளிர் எல்லைகளும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஆனால் 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டுகளில் அமெரிக்காவில் வெப்ப எல்லைகள் குளிர் எல்லைகளைப் போல ஏறக்குறைய இருமடங்காயின. ஒரு நாளின் குளிரைக் காட்டி உலகம் வெப்பமடையவில்லை என்று வாதிடுவோர்க்கு இக்கணக்கே விடையாகும்.

பள்ளியில் பணியாற்றிய காலத்தில் நான் மாணவர்களைக் கொண்டு நாள்தோறும் மழையளவைக் குறித்து வைக்கச் செய்ததுண்டு. "மழை இல்லாத நாளில் என்ன எழுதுவது ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "சுழி என்று எழுது, எழுதாமல் மட்டும் விடாதே" என்றேன். சுழியும் ஓர் அளவே. சாதாரண நாள்களின் சுழிகளைப் பொறுமையோடு எழுதியவர்கள் இருந்தமையால்தான் 1934இன் நாள் அசாதாரணமானது என்று நாம் அறிகின்றோம்.

பதிவேட்டின் எண்ணைப் பாருங்கள். அது எங்கே, எக்கருவியால் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். அதன்பின், அந்நாளில் யார் வீட்டில் நெருப்பு இல்லை, யார் தெருவில் பனி அகலவில்லை என்றும் கேளுங்கள். 1934இன் குளிர் மனிதனால் தடுக்கக் கூடியதன்று. 1969இல் பொறிகள் பழுதுற்றுக் கிடந்ததோ தடுத்திருக்கக் கூடியது. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதே இத்தகைய வரலாற்றைப் படிப்பதன் பயனாகும்.