இன்ஷூரன்ஸும் இல்லை, வரியும் கட்டலை... பழைய காரை எஃப்.சி-க்கு எப்படிக் கொண்டுபோவது?

கார்த்திகை நெருங்கினால் விருத்தாசலம் செராமிக் பட்டறைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அகல் விளக்கு, பொம்மை, கப், ஃபியூஸ் கட்டை என்று சூளையிலிருந்து இறங்கியதைப் பெட்டியில் அடுக்கி ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான், வீட்டுக் கொட்டகையில் நாலு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கும் அப்பாவின் ஆம்னி ஞாபகத்துக்கு வரும். (சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றுவது தனிக்கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.) பேட்டரி மாற்றி, காற்றடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் ஆர்.சி-யைத் திருப்பிப் பார்த்தால் 15 வருடம் எப்போதோ முடிந்திருக்கும். இன்ஷூரன்ஸ் அதற்கும் முன்பே செத்திருக்கும். பசுமை வரி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்து என்ன செய்வீர்கள்? தெரிந்த மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்து, “எஃப்.சி. எடுத்துட்டு வந்துடுங்கண்ணே” என்பீர்கள். விருத்தாசலத்திலேயே மோட்டார் வாகன ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது. “ரெண்டு கிலோமீட்டர்தானே, யாராவது பிடிச்சா ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத்தான் சார் போறேன்னு சொல்லிக்கலாம்” என்பது நம் ஊரில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் நம்பிக்கை.

அப்படி ஒரு சலுகை நம் சட்டத்தில் கிடையாது.

பிரிட்டனில் உண்டு. அங்கே தகுதிச் சோதனைக்கு முன்பதிவு செய்திருந்தால், சாலை வரி கட்டாத, சோதனைச் சான்று காலாவதியான காரையும் அந்தச் சோதனை மையம் வரை ஓட்டிச் செல்லலாம். ஆனால் அங்கேயும் இன்ஷூரன்ஸுக்கு விலக்கு இல்லை. நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல், நோயாளியை ஏற்றிச்செல்வது மாதிரியான அவசரத்துக்குப் பதிவு தொடர்பான தண்டனையிலிருந்து விலக்கு இருக்கிறது. அதற்கும் 7 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். சோதனைக்குப் போகிற வண்டிக்கு அதுகூட இல்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் எல்லாவற்றையும் ‘எஃப்.சி.’ என்கிறோம். உண்மையில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று லாரி, பஸ், டாக்ஸி போன்ற வண்டிகளுக்கு. சொந்த காருக்கு நடப்பது பதிவுப் புதுப்பிப்பு. முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பிறகு வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் ஃபார்ம் 25. இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், புதுப்பிக்காத காரை ரோட்டில் ஓட்டுவது, பதிவே இல்லாத காரை ஓட்டுவதற்குச் சமம். சட்டப்பிரிவு 192-ன்படி முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லாததற்குப் பிரிவு 196-ன் கீழ் 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மறுபடி மாட்டினால் அபராதம் 4,000. இரண்டு பிரிவுகளிலுமே ஓட்டியவர் மட்டுமல்ல, ‘ஓட்ட அனுமதித்தவர்’ என்ற வார்த்தையும் இருக்கிறது. மெக்கானிக்கிடம் சாவி கொடுத்த நீங்கள்தான் அவர்.

அபராதத்தை விடுங்கள். அது போனால் போகிற காசு. பயப்பட வேண்டிய கணக்கு வேறு.

அந்த ரெண்டு கிலோமீட்டரில் பிரேக் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் நின்ற வண்டியில் இது நடக்கக்கூடிய விஷயம்தான். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் செராமிக் தொழிலாளி ஒருவர் மீது மோதி, அவர் இறந்துவிடுகிறார். வயது 30. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா அவரை நம்பி இருக்கிறார்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும்? உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. வருட வருமானம் 1,80,000. 40 வயதுக்குக் கீழே, சொந்தத் தொழிலோ நிலையான சம்பளமோ உள்ளவர் என்றால், எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவிகிதம் சேர்க்க வேண்டும், 2,52,000 ஆகும். சார்ந்திருப்பவர்கள் 4 பேர் என்பதால், அவருடைய சொந்தச் செலவாக நாலில் ஒரு பங்கு கழியும், மீதி 1,89,000. 26 முதல் 30 வயது வரைக்கான பெருக்கு எண் 17. ஆக, 32,13,000 ரூபாய். இறுதிச் சடங்கு போன்றவற்றுக்கான தொகையும் வட்டியும் தனி.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் இந்தத் தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கலாம். இல்லையென்றால், ஓட்டியவரும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரும்தான் தர வேண்டும். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், ஊரில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு நோட்டீஸ் வரும். அவர்களிடம் சொத்து எதுவும் இல்லையென்றால், செத்தவர் குடும்பம் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

இத்தனைக்கும் அந்த இன்ஷூரன்ஸ் என்ன விலை? மாருதி 800, ஆம்னி இரண்டுக்குமே 796 சிசி இன்ஜின். 1,000 சிசி-க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம், 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, வருடத்துக்கு 2,094 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 2,471. 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416. அதற்கு மேல் 7,897. ஜி.எஸ்.டி. தனி. உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு இன்னும் சில நூறு ரூபாய் ஆகலாம்.

அதனால் முதல் வேலை, வண்டியை நகர்த்துவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ். எப்படியும் புதுப்பிப்பு விண்ணப்பத்துக்கு அது தேவை; முன்கூட்டியே எடுப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. பழைய காருக்கு ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் எடுத்தால் போதும். முழுக் காப்பீடு கேட்டால், காலாவதியான வண்டியைப் படம் எடுத்துப் பரிசோதித்த பிறகே தருவார்கள். 90 நாள் தாண்டியிருந்தால் பழைய நோ கிளெய்ம் போனஸும் போயிருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: பணம் கட்டிய நிமிடத்திலேயே பாலிசி உயிர் பெற்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பாலிசி எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று அச்சடித்திருக்கும். காலாவதியான வண்டி என்றால் அது அடுத்த நாளாகவோ, அதற்கும் பிறகாகவோ இருக்கலாம்.

புகைச் சான்று இருந்தால்தான் இன்ஷூரன்ஸ் தருவார்கள் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2017-ல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனை போட்டது உண்மை. நிறைய வண்டிகள் இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட அது காரணமாகிவிடும் என்ற வாதத்தைக் கேட்டு, 2024 ஜூலையில் நீதிமன்றமே அதை நீக்கிவிட்டது.

சரி, இன்ஷூரன்ஸ் கையில் வந்துவிட்டது. இப்போது ஓட்டிக்கொண்டு போகலாமா? கூடாது. பதிவு இன்னும் உயிரோடு இல்லையே! தற்காலிகப் பதிவு முடிந்திருந்த ஒரு கார் திருடு போன வழக்கில், பாலிசி நடப்பில் இருந்தும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு இல்லாமல் ரோட்டில் எடுத்ததே பாலிசி நிபந்தனையை மீறியது என்பதுதான் காரணம். மூன்றாம் நபர் இழப்பீட்டிலும், நிபந்தனை மீறல் இருந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் வந்துவிடும், உங்களுக்குத் தலைவலி போகாது.

மிச்சமிருப்பது ஒரே வழி. வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது. நாலு சக்கரமும் தரையைத் தொடாமல், முழுசாக மேலே ஏற்றும் பிளாட்பெட் வண்டியாகப் பாருங்கள். அப்போது உங்கள் கார் ரோட்டில் ஓடும் வாகனம் அல்ல, வெறும் சரக்கு. கயிறு கட்டி இழுப்பது வேறு விஷயம். பழுதான வண்டியைப் பக்கத்து மெக்கானிக் ஷெட் வரை இழுக்கத்தான் சாலை விதிகள் அனுமதிக்கின்றன. இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும், இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, பின்னால் அறிவிப்பு எழுதி மாட்ட வேண்டும். சக்கரம் தரையில் உருளும்வரை அது ரோட்டில் போகும் வண்டிதான். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாது. மாட்டு வண்டியும் டிராக்டரும் போகிற ரோட்டில் இது வேண்டாத வேலை.

வாடகை பேசும்போது போகும் தூரத்தை மட்டும் பேசாதீர்கள். ஏற்றி இறக்குவதும், அங்கே காத்திருப்பதும் சேர்த்தா என்று கேளுங்கள். ஆய்வுக்கு வரிசை நீளமாக இருந்தால் காத்திருப்புக் கூலிதான் பெரிய செலவாகிவிடும். கொட்டகையில் கிடந்த காரில் ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் உருளாமல் இருக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வின்ச் உள்ள வண்டியாக அனுப்புவார்கள். ரெக்கவரி வண்டியின் நம்பரை எம்-பரிவாஹன் செயலியில் போட்டு, அதற்கு எஃப்.சி-யும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நம் காரை ஏற்றிப்போகும் வண்டிக்கே பேப்பர் இல்லாவிட்டால் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்!

நேராக ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஏற்றிப் போவதிலும் அர்த்தமில்லை. முதல் பயணம் மெக்கானிக் ஷெட்டுக்கு. பிரேக், லைட், ஹாரன், வைப்பர், சீட் பெல்ட் எல்லாம் அங்கே சரியாகட்டும். டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியாக வேண்டும். கேஸ் கிட் போட்ட ஆம்னி என்றால், அது ஆர்.சி-யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, சேஸிஸ் நம்பர் துருவுக்குள் மறைந்திருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பென்சில் பிரின்ட் எடுக்க நம்பர் தெரியாவிட்டால் வண்டியை இறக்கியதே வீண். புகைப் பரிசோதனையையும் இந்தப் பயணத்திலேயே முடித்துவிட்டால் நல்லது.

இந்த இடைவெளியில் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பம். 15 வருடம் கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிவிட்டால் 10,000 என்று 2025 ஆகஸ்ட்டில் உயர்த்திவிட்டார்கள். தாமதத்துக்கு விதிப்படி மாதம் 500. நாலு வருஷம் விட்டிருந்தால் அதுவே 24,000 ஆகிறது. கூடவே பசுமை வரி. பழைய இ-சலான் பாக்கி இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். கார் லோன் எப்போதோ முடிந்திருந்தும், ஆர்.சி-யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும். ஃபார்ம் 35 வாங்கி அதையும் நீக்கிவிடுங்கள்.

கடலூர் மாவட்டத்துக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு: புதுச்சேரிப் பதிவு. வரி குறைவு என்று பி.ஒய். நம்பரில் வாங்கிய கார் இங்கேயே 12 மாதத்துக்கு மேல் இருந்தால், பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றி, இங்கே வரி கட்ட வேண்டும். அந்தக் காரை எங்கேயும் ஏற்றிப் போவதற்கு முன், புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்குகிற வேலை இருக்கிறது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினால் ஆகாத காரியமும் ஆகும் என்பார்கள். இந்த விஷயத்தில் அவருக்கும் என்.ஓ.சி. தேவைப்படும்.

எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, வண்டி அத்தனை பெறுமா என்று தோன்றினால் அதுவும் நியாயமான யோசனைதான். அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, பதிவை ரத்து செய்துவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு ஆர்.சி-யைப் பீரோவில் வைத்திருந்தால், அந்த வண்டியோ, அந்த நம்பரோ எங்கே தலைகாட்டினாலும் கேள்வி உங்களிடம் வரும்.

ஆர்.சி. இன்னும் முடியாதவர்களுக்கு இத்தனை அலைச்சல் இல்லை. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்போது நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம், ரெக்கவரி வாடகையும் மிச்சம்.

ஆய்வு நாளன்று, லாரியில் வந்த காரை அலுவலக மைதானத்தில் இறக்கி, பிரேக் பார்க்க நாலு அடி ஓட்டச் சொல்வார்கள். பொதுமக்கள் உரிமையோடு வந்து போகிற இடமெல்லாம் சட்டப்படி ‘பொது இடம்’. அந்த நாலு அடிக்கும் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். ஆய்வாளர் பார்த்து முடித்ததுமே எல்லாம் முடிந்தது என்று சாவியைத் திருகிவிடாதீர்கள். ஒப்புதல் ஏறி, எம்-பரிவாஹனில் புதிய தேதி தெரியும்வரை பதிவு பழைய நிலையில்தான் இருக்கும். அன்றைக்கே ஏறாவிட்டால் திரும்பும் பயணமும் லாரி மேல்தான். வாடகை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.