பதினெட்டரை நிமிட மௌனம்

கல்வெட்டிலே ஒரு வரி சிதைந்து கிடந்தால் சரித்திர ஆசிரியன் படும் வேதனையை மாணவர்கள் அறிவீர்கள். ஒலிநாடா ஒன்றிலே நேர்ந்த அத்தகைய சிதைவைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன், தம் அலுவலக உரையாடல்கள் நாடாவில் பதிவாகுமாறு 1971 பிப்ரவரியில் இரகசிய ஏற்பாடு செய்தார். அவற்றுட் பலவற்றில் பேச்சொலி எழுந்தவுடன் கருவி தானே ஓடத் தொடங்கும். 1972 ஜூன் 17-ஆம் நாள், வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துட் புகுந்த ஐவர் பிடிபட்டனர். மூன்று நாள் கழித்து, நிக்சனும் அவருடைய தலைமை உதவியாளர் ஹால்டிமனும் உரையாடினர். ஹால்டிமன் கைப்பட எழுதிய குறிப்பில் வாட்டர்கேட் பேச்சு இருக்கிறது. நாடாவிலோ, அவ்விடத்தில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சலே கேட்கிறது!

1973 நவம்பரில் இது வெளிப்பட்டது. தொலைபேசியில் பேசியபோது தவறான பொத்தானை அழுத்திவிட்டதாக நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி உட்ஸ் சாட்சியம் அளித்தார். அதுவும் ஐந்து நிமிட அளவுக்கே. எஞ்சியதை அழித்தவர் யார்?

நீதிபதி சிரிக்காவின் பொருட்டு ஆறு வல்லுநர்கள் ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்ட முறை வெகு நேர்த்தியானது. பதிவுக்கருவி நின்று மீண்டும் ஓடும்போதெல்லாம், அதன் காந்தத் தலைகள் நாடாவில் தம் சுவட்டை விட்டுச் செல்கின்றன. நுண்ணிய இரும்புத்தூள் கலந்த நீர்மத்தைத் தடவினால் அச்சுவடு கண்ணுக்குத் தெரியும். குறைந்தது ஐந்து முறை, ஒன்பது முறையாகவும் இருக்கலாம், தனித்தனியே அழிக்கப்பட்டிருக்கிறது என்றும், அது கையால் பொத்தான்களை இயக்கிச் செய்த செயல் என்றும் 1974-இல் அவர்கள் அறிவித்தனர். கை எவருடையது என்பதை இரும்புத்தூள் கூறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 9-இல், வேறொரு நாடாவின் சான்றினால், நிக்சன் பதவி துறந்தார். அழிந்த பேச்சை மீட்கும் முயற்சியை 2003-இல் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகமும் கைவிட்டது.

இக்காலத்தில் இவ்வேலையைக் கணினி நொடியில் முடிக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று நேரப்பட்டியல் தந்தால் போதும். சிறு நிரல் ஒன்று நூறு கோப்புகளிலும் அப்பகுதிகளை ஊமையாக்கிவிடும். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி, ஒரு விநாடிக்கு 44,100 எண்களாக நிற்கிறது. பதினெட்டரை நிமிடத்துக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ நான்கு கோடியே தொண்ணூறு இலட்சம் எண்கள்! அவை யாவும் பூஜ்யமாகும். மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால், அங்கே தடவிப் பார்க்க நாடாவும் இல்லை, சுவடும் இல்லை.

ஊமையாக்குவது யாவும் குற்றமன்று. அதே ஆவணக்காப்பகம் நிக்சன் நாடாக்களை வெளியிடும்போது, தனிமனிதர் அந்தரங்கமும் நாட்டுப் பாதுகாப்பும் கருதிச் சில பகுதிகளை நீக்கியிருக்கிறது. ஆயினும் நீக்கிய நேரம் எவ்வளவு, காரணம் யாது என்று பட்டியலில் குறித்திருக்கிறது.