முதியோரின் மருத்துவக் காப்பீடு: ஒரு வரலாற்று நோக்கு

அறுபது வயதைக் கடந்த ஒருவர் இன்று தமக்கென மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படும்போது, அவர்முன் வைக்கப்படும் பத்திரத்தில் உள்ள காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, செலவில் நோயாளியே ஏற்கவேண்டிய பங்கு ஆகிய நிபந்தனைகளை, யாரோ ஒரு கணக்கர் மனம்போனபடி எழுதிவைத்தவை என்று கருதிவிடலாகாது. ஸ்தாபனங்கள் கண்ட நஷ்டமும், பாலிசிதாரர் தொடுத்த வழக்கும், சர்க்கார் செய்த தலையீடும் அவற்றுள் படிந்திருக்கின்றன. அந்தச் சரித்திரத்தை அறிந்தவரே பாலிசியின் தராதரத்தைச் சரியாக நிர்ணயிக்க வல்லவர் என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரம் அடைந்தபின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய தொழிலாளர் அரசுக் காப்பீடும், 1954இல் டில்லியில் ஏற்பட்ட மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமும் உத்தியோகத்தையே ஆதாரமாகக் கொண்டவை. விவசாயிக்கும் கடைக்காரருக்கும் அவற்றில் இடமில்லை. வயோதிகத்தில் நோய் வந்தால், பிள்ளைகளின் கையிருப்பும் வீட்டிலிருந்த நகையுமே அவர்களுக்குக் காப்பாக நின்றன.

1973இல் பொதுக் காப்பீட்டுத் தொழில் தேசியமயமாகி, நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்கு ஸ்தாபனங்களாக ஒடுங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அவற்றுள் ஒன்று. இந்நான்கும் 1986இல் ‘மெடிகிளைம்’ என்னும் பாலிசியைக் கொணர்ந்தபோதுதான், உத்தியோகம் எதுவாயினும், பிரீமியம் செலுத்தக்கூடிய தனிமனிதருக்கு ஆஸ்பத்திரிச் செலவு திரும்பக் கிடைக்கும் வழி பரவலாகப் பிறந்தது. ஆயினும் பாலிசி எடுக்குமுன்பே உடலில் இருந்த நோய்களுக்கு அதில் இடமில்லை என்னும் நிபந்தனை, நீரிழிவும் இரத்த அழுத்தமும் நெடுநாளாக உடையவரான முதியவரை, வீட்டுக்குள் அழைத்துப் பந்தியில் உட்காரவைக்காமல் அனுப்புவது போலவே நடத்தியது.

இவ்விடத்தில், பலரும் கவனியாத ஒரு சம்பந்தத்தைச் சற்று விரித்துரைப்பது அவசியமாகிறது. அக்காலத்தில் தீவிபத்துக் காப்பீட்டின் கட்டணங்கள் நாடு முழுவதற்கும் ஒரே விகிதமாக நிர்ணயிக்கப்பட்டு, அதில் நல்ல லாபம் கிடைத்துவந்தமையால், பெரிய ஆலைகளின் தீக்காப்பீட்டைப் பெறும்பொருட்டு, அவற்றின் ஊழியர்களுக்குரிய கூட்டு மருத்துவக் காப்பீட்டை நஷ்டத்துக்கே கொடுப்பது ஸ்தாபனங்களின் வழக்கமாயிருந்தது; ஆகவே மருத்துவக் காப்பீட்டின் நஷ்டம் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. 2007 ஜனவரியில் அந்த நிர்ணயக் கட்டணம் விலக்கப்பட்டதும், போட்டியால் தீக்காப்பீட்டின் விலை வீழ்ந்தது. அதுவரை மறைந்திருந்த நஷ்டம் வெளிப்பட்டது. அதன் பாரம் முதியவரின் பிரீமியத்தின் மீது வந்து விழுந்தது. ஆலை முதலாளிக்குக் கிடைத்த சலுகையின் விலையை, ஓய்வூதியத்தில் வாழும் கிழவரும் கிழவியும் கொடுக்க நேர்ந்ததை நியாயமென்று என்னால் கருத இயலவில்லை. எழுந்த முறையீடுகளின் விளைவாக, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாண்டே முதியோர் காப்பீட்டை ஆராய ஒரு குழுவை நியமித்தது.

முதியோருக்கென்றே தனிப் பாலிசிகளும் அந்தப் பத்தாண்டில்தான் தோன்றின. அந்நான்கு ஸ்தாபனங்களுள் ஒன்றான நேஷனல் கம்பெனியின் ‘வரிஷ்டா’ அறுபது முதல் எண்பது வயதினருக்கு உரியதாயிருந்தது. 2006இல் சென்னையில் தொடங்கிய ஸ்டார் ஹெல்த், மருத்துவப் பரிசோதனை கேட்காமலே முதியோரை ஏற்று, அதற்கு ஈடாகச் செலவின் ஒரு பங்கை அவர்களே ஏற்கவேண்டுமென விதித்தது. முப்பது சதவீதப் பங்கு உள்ள பாலிசியில், ஐந்து லட்ச ரூபாய்ச் சிகிச்சைக்கு ஒன்றரை லட்சம் கைப்பணம் வேண்டும். ஏற்பவர் அரிதாயிருந்த காலத்தில் அது உபகாரமே எனினும், கையெழுத்திடுமுன் அத்தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே.

சட்டத்தின் துணை படிப்படியாக வந்தது. பாலிசிதாரரோடு நேர்ந்த பழைய தகராறைக் காரணம் காட்டிப் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தல் தகாதென்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. 2011 முதல், முன்பே இருந்த நோய்க்காகக் காத்திருந்த காலத்தை இழக்காமல் வேறு கம்பெனிக்கு மாறும் உரிமை கிட்டியது. 2013ஆம் ஆண்டு விதிகள், அறுபத்தைந்து வயது வரையிலாவது புதிதாகச் சேர இடமளிக்கவும், ஆயுள் முழுதும் புதுப்பிக்கவும் வழிசெய்தன. 2024இல் அந்த அறுபத்தைந்து என்னும் எல்லைக்கோடும் நீங்கி, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்றும், ஐந்தாண்டு இடைவிடாது தொடர்ந்த பாலிசியில், மோசடியன்றி, நோயை மறைத்ததாகக் கூறிப் பணம் தர மறுக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. எழுபது வயது நிறைந்தவர்க்கு வருமான வேறுபாடின்றி ஐந்து லட்ச ரூபாய் வரையில் சிகிச்சை அளிக்கும் மத்திய அரசின் திட்டமும் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிற்று. தனியார் பாலிசி உடையவரும் அதில் சேரலாம்.

வயதைக் காட்டி அடைத்த கதவு இவ்வாறு திறந்துவிட்டது; இப்போது எஞ்சி நிற்பது விலை. முதியோர் பிரீமியத்தை ஓராண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாயின் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாலோசிக்கவேண்டும் என 2025 ஜனவரியில் கட்டளை பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தனிநபர் பாலிசிகளின் மீதிருந்த பதினெட்டு சதவீத வரியும் நீங்கியது. எனினும் அந்தப் பத்து சதவீதமே ஆண்டுதோறும் ஏறுமாயின், ஏழாண்டில் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஆதலால் அறுபத்திரண்டு வயதில் பாலிசி தேடுபவர், முதலாண்டுப் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுத் திருப்தியடையாமல், அதே கம்பெனி இன்று எழுபத்தைந்து வயதினரிடமும் எண்பது வயதினரிடமும் என்ன வாங்குகிறது என்னும் அட்டவணையையும் கேட்டு வாங்கி, தம் ஓய்வூதியம் அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.