பட்டினிக்குச் சம்மதித்த 36 பேர்

சர்க்கரைக்காக எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தேன். அடுத்த வருஷமே ஆறு கிலோ திரும்பி வந்துவிட்டது. "ராத்திரியில எழுந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். சத்தியமாக இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். இளைத்திருந்த நாட்களில் ஃபேன் காற்றே எனக்குக் குளிர்ந்தது. காரணம் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் இந்தப் பழைய வரலாறு.

1944 நவம்பர். இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. ஐரோப்பாவில் பல இடங்களில் பஞ்சம். பட்டினி கிடந்தவர்களை எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனையைத் தொடங்கினார். மனசாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். கால்பந்து மைதானத்துக் காலரிக்குக் கீழே இருந்த அறைகளில் தங்கினார்கள்.

முதல் 12 வாரம் நாளுக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் ஏறக்குறைய அதில் பாதிதான்: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு கரைந்தது. நாடித்துடிப்பு குறைந்தது. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள்.

சும்மா படுத்திருந்தாலும் இதயத்துக்கும் மூச்சுக்கும் உடற்சூட்டுக்கும் உடம்பு சக்தியைச் செலவழிக்கிறது. அந்தச் செலவு இவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது. உடம்பு சிறுத்ததால் மட்டும் வந்த குறைவு அல்ல. மிச்சமிருந்த உடம்பும் சிக்கனத்துக்கு மாறியிருந்தது. பென்ஷன் வாங்கும் நமக்குப் புரியும்: வருமானம் பாதியானால் வீட்டில் முதலில் விளக்கைத்தானே அணைக்கிறோம்!

கட்டுப்பாடு நீங்கியதும் எவ்வளவு சாப்பிட்டும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. தசை முழுதாகத் தேறுமுன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது.

அவர்கள் குண்டானவர்கள் அல்லவே என்று கேட்கலாம். 'தி பிகஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலோருக்கு எடை நிறையத் திரும்பியிருந்தது. ஆனாலும் ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்தது, அந்த எடைக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவு.

எடை குறைப்பது வீண் என்று சொல்லவில்லை. குறைந்த அந்த மூன்று கிலோவே எனக்கு நல்லதென்று டாக்டர் சொல்கிறார். நடையை விடவில்லை, பட்டினி கிடப்பதை விட்டுவிட்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. என் அண்ணனும் பாடுபட்டு இளைத்து, மறுபடி பருத்தார். "வாயைக் கட்டத் தெரியலையே உங்களுக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. இன்று அவர் இல்லை. இருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.